சுற்றுச்சுவருக்குள் எழுந்த கூச்சல்

1999ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாள் பேச்சே வரவில்லை. அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். "மழையில நனைஞ்சியா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவைத்தேன். ஹாக்கி ஆட்டத்தில் கத்தியதால் கட்டியது என்று சொல்லியிருந்தால், பொம்பளப்பிள்ளை அப்படிக் கத்துவதற்கு அங்கே என்ன இருந்தது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கால் நூற்றாண்டு கழித்து, செயற்கைத் தரை போட்ட அரங்கு ஒன்றின் கேலரியில் என் மாணவிகளோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று தோன்றியது.

புதிய அரங்கம் வந்தால் ஆட்டம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பந்தின் வேகம், மட்டையின் வளைவு, ஆடுபவர்களின் உடற்பயிற்சி எல்லாம் மாறும். விளையாட்டுப் பத்திகளில் இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். பார்க்கிற கூட்டமும் அதோடு சேர்ந்து மாறுகிறது. அந்த மாற்றத்தில் பெண்களுக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு ஊர், இரண்டு மைதானம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் எத்தனை போட்டி! ஒன்று கோபுரமும் தேரும் பால்கோவாவுமான ஊர். மற்றது மில்லும் பருத்தியும் பேண்டேஜ் துணியும், தன் பெயரில் ஒரு நாயினமும் கொண்ட ஊர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. படித்தது ராஜபாளையம் பக்கம், பெண்கள் மட்டும் படிக்கிற ஒரு கல்லூரியில். எங்களுக்கு நிரந்தர எதிரணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்த இன்னொரு கல்லூரியின் பெண்கள் அணி. கல்லூரிகளின் பெயர் இங்கே வேண்டாம். தினமும் காலையில் பஸ் ஏறி எதிரி ஊருக்குப் போய் எதிரிக்காகக் கத்திவிட்டு வருகிறவள் என்று தெருவில் எனக்குப் பெயர்.

நான் ஆடியவள் இல்லை. தண்ணீர்க் குடமும் எலுமிச்சம்பழமும் குளுக்கோஸ் பொட்டலமும் என் பொறுப்பு. ஆட்டத்தன்று விடியற்காலையில் விடுதி மாணவிகளோடு சேர்ந்து மைதானத்தில் கல் பொறுக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செம்மண், ஒவ்வொரு மழைக்கும் புதிதாகச் சரளைக்கல்லைக் கக்கும். பொறுக்கி முடித்துத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டால் மைதானம் தயார். கோல் வலைக்குப் பதிலாக மீன்வலை கட்டிய வருடமும் உண்டு.

எங்கள் மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர். சுவர் உச்சியில் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும். அந்தச் சுவர் எங்களை அடைத்துவைக்கக் கட்டியது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆட்டத்தன்று அதே சுவர் எங்களுக்கு வேறொன்றைத் தந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். இரு கல்லூரிகளின் மாணவிகள், ஆசிரியைகள், விடுதிச் சமையல் அக்காமார், பெருக்கும் ஆயாக்கள். காவலாளி அண்ணன்கூட கேட்டுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ஆட்டக்காரிகள் சுடிதார் பேண்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குட்டைப் பாவாடையில் இறங்குவார்கள். எல்லைக்கோட்டுக்கும் கூட்டத்துக்கும் இடையே இரண்டடி இடைவெளிகூட இருக்காது. ஓரத்தில் ஓடுகிறவளின் மூச்சு எங்கள் மேல் படும்.

அங்கே நாங்கள் கத்தினோம். "பால்கோவா தின்ன காலு, பந்துக்குப் பின்னால ஓடுமா?" என்று எங்கள் பக்கம் தொடங்கினால், "சங்கிலி எங்கே, சங்கிலி எங்கே, ராஜபாளையம் அவுந்திருச்சு" என்று அவர்கள் பக்கம் பதில் வரும். இடைவேளையில் கும்மி. வசை, சிரிப்பு, விசில் எல்லாம் உண்டு. நாக்கை மடித்து விசில் அடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விடுதிச் சமையல்காரக் கிழவி ஒருவர். எந்தக் குரலையும் தணிக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு தூரம் போகும் என்பதையே அந்த மைதானத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பாட்டம் அவர்கள் மைதானத்தில். அது சாலையோரத் திறந்தவெளி. மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பார்க்கிற பையன்கள், டீக்கடையிலிருந்து எழுந்து வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள். எங்களில் நான்கு பேருக்குத்தான் அணியோடு போக அனுமதி. ஆட்டக்காரிகள் பேண்ட்டோடுதான் ஆடினார்கள். கழிப்பறை இல்லை என்பதால் காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. நான் தூக்கிக்கொண்டு போன குடம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கூட்டத்தில் சத்தம் குறைவில்லை. ஆனால் அது ஆட்டத்தைப் பற்றிய சத்தம் இல்லை. யார் குண்டு, யார் கறுப்பு, யாருக்கு எது எப்படி ஆடுகிறது என்கிற சத்தம். அந்தக் கல்லூரிப் பெண்களும் அதே சத்தத்துக்குள்தான் ஆடினார்கள் என்பதை அன்று யோசிக்கவில்லை. அவர்களுக்கு அது சொந்த மைதானம் என்று நினைத்தோம்.

எங்கள் மண்ணில் 2–1 என்று ஜெயித்தவர்கள் அங்கே 0–3 என்று தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் பி.டி. மேடம் சொன்னார்: "அங்க நீங்க ஆடல. ஒளிஞ்சு நின்னீங்க."

பார்க்கிறவர் எழுதிய பந்தாட்டம்

தமிழ் இலக்கியம் நடத்த வந்த பிறகு அந்த வாசகம் அடிக்கடி நினைவுக்கு வரும். பெண்கள் பந்தாடுவது நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் மானனீகையின் பந்தாட்டம் வரும் பகுதிக்குத் தலைப்பே 'பந்தடி கண்டது'. அடித்தவள் மானனீகை. தலைப்பில் இருப்பதோ கண்டவனின் செயல், அதாவது உதயணனுடையது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் இடத்தை வகுப்பில் நடத்தும்போது, அவளுடைய உடலின் ஒவ்வொரு அசைவும் எண்ணப்பட்டிருப்பதையும், ஆட்டத்தில் அவள் திறமை என்ன என்பது எங்கோ பின்னால் நிற்பதையும் மாணவிகளே எடுத்துச் சொல்வார்கள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி இருக்கிறது. அங்கே பந்தடிக்கிற பெண்களே பாடுகிறார்கள். அவர்களும் அரசனைத்தான் வாழ்த்துகிறார்கள் என்றாலும், ஆடுகிற வாயே பாடுகிறது. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாலையோர மைதானத்தில் நடந்தது பந்தடி கண்டது. சுவருக்குள் நடந்தது கந்துகவரி.

வெம்ப்ளியில் பள்ளிச் சிறுமிகள்

சுவருக்குள் ஆடிய எங்கள் அனுபவம் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கதை என்றுதான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். பெண்கள் ஹாக்கியின் வரலாற்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. இங்கிலாந்தில் பெண்கள் ஹாக்கிக்கான சங்கம் 1895இல் தொடங்கியது. ஆண்களின் சங்கத்தோடு இணையக் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. அப்படியானால் எங்கள் சங்கத்தைப் பெண்களே நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் போட்ட தொடக்கக் கால விதிகளில் ஒன்று, பாவாடை தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. இன்று அது சிரிப்பாக இருக்கலாம். கால் தடுக்காமல் ஓடுவதற்கு அன்று அந்த ஆறு அங்குலம் தேவைப்பட்டது.

அந்தச் சங்கம் 1951இல் துணிந்து ஒரு காரியம் செய்தது. ஆண்களின் கால்பந்துக் கோட்டையான லண்டன் வெம்ப்ளி அரங்கில் பெண்கள் சர்வதேச ஹாக்கி ஆட்டத்தை நடத்தியது. நாடு முழுவதிலுமிருந்து பள்ளிச் சிறுமிகள் வாடகைப் பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். 1991 வரை ஏறக்குறைய ஆண்டுதோறும் இது நடந்தது. கூட்டம் அறுபதாயிரத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அந்த அரங்கில் அன்று எழுந்த சத்தம் கால்பந்து நாட்களின் சத்தம் போல இல்லை, காதைத் துளைக்கும் கீச்சொலி என்று எழுதியவர்கள் பலர். அவர்களில் சிலர் கேலியாகத்தான் எழுதினார்கள். எனக்கு அதைப் படித்தபோது சிலிர்த்தது. எங்கள் செம்மண்ணில் இருநூறு பேர் எழுப்பிய கூச்சலை அறுபதாயிரம் பேர் எழுப்பியிருக்கிறார்கள், அதுவும் சுவருக்குள் ஒளியாமல்.

அது ஏன் நின்றது என்பதில்தான் நவீன அரங்கின் கதை தொடங்குகிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. முந்தைய ஆண்டு கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்திய ஆண்கள் அணி அங்கே ஏழாவது இடத்துக்கு இறங்கியது. நம் ஊரில் டர்ஃப் என்றாலே ஆண்கள் அணியின் அந்த வீழ்ச்சியைத்தான் பேசுவார்கள். பெண்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஆண்கள் ஹாக்கி 1908 முதல் ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களை 1980 மாஸ்கோவில்தான் சேர்த்தார்கள். அப்போது செயற்கைத் தரை வந்துவிட்டது. ஆகவே பெண்கள் ஒலிம்பிக் ஹாக்கி ஒருநாளும் புல்லில் ஆடப்பட்டதில்லை. மாஸ்கோவில் இந்தியப் பெண்கள் நான்காம் இடம் பெற்றார்கள், 1982 தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்கள். ஆனால் மறுபடி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற 2016 ரியோ வரை 36 ஆண்டுகள் ஆயின. மண்ணில் ஆடிப் பழகியவர்களை டர்ஃபில் தேர்வு செய்யும் உலகத்தில் அவர்கள் எதிர்கொண்ட தடைகளில் தரையும் ஒன்று.

இங்கிலாந்திலும் உயர்நிலை ஹாக்கி முழுவதும் செயற்கைத் தரைக்குப் போனது. வெம்ப்ளியில் இருந்தது புல். 1991க்குப் பிறகு அங்கே பெண்கள் ஹாக்கி ஆட்டம் நடக்கவில்லை. ஹாக்கிக்கென்றே மில்டன் கீன்ஸ் நகரில் 1995இல் சில ஆயிரம் இருக்கைகளோடு ஒரு நவீன அரங்கு கட்டினார்கள். 2003இல் அதில் ஆண்கள் கால்பந்துக் குழு ஒன்று குடியேறியது. பிறகு அரங்கே இடிக்கப்பட்டது. தரை உயர்ந்தது. ஆனால் அறுபதாயிரம் சிறுமிகளின் கூச்சலுக்கு அந்தத் தரையோடு சேர்த்து இடம் ஒதுக்க யாரும் திட்டம் போடவில்லை.

பந்து சொன்ன பேச்சு கேட்கிறது

இப்படிச் சொல்வதால் செம்மண்ணே சொர்க்கம் என்று வாதாட வந்ததாக நினைக்க வேண்டாம். எங்கள் அணியின் கோல் கீப்பர் சரளையில் துள்ளிய பந்து பட்டு முன்பல்லை இழந்தவர். கல்யாணப் பேச்சு வந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பல்லுக்கு அவர் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மண்ணில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாது. அதனால் குனிந்து நிறுத்தவே நேரம் போகும், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க நேரம் இருக்காது. செயற்கைத் தரையில் பந்து நேராக வரும். 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் முழுவதும் ஒரே மட்டம். கண்ணை நிமிர்த்தித் தோழி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவிகள் முதன்முறையாக டர்ஃபில் ஒரு கல்லூரி ஆட்டம் ஆடினார்கள். மண்ணுக்கு வாங்கிய காலணியோடு போயிருந்தார்கள். முதல் பத்து நிமிடம் பந்து அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனது. கால் மணி நேர ஆட்டம் ஒன்று முடிந்ததும் ஒரு மாணவி ஓடி வந்து, "மேடம், இங்க பந்து சொன்ன பேச்சு கேக்குது" என்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. உடை மாற்ற ஓர் அறை இருந்தது. தண்ணீர் வரும் கழிப்பறை இருந்தது. நான் கொண்டுபோன தண்ணீர் முழுவதும் தீர்ந்தது. பாவாடையோ ஷார்ட்ஸோ எது வேண்டுமோ அதை அணிந்து இறங்கினார்கள், சாலையோரக் கூட்டம் என்று எதுவும் இல்லை. 1999இல் குடத்தை நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவந்தவளுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

அன்று எதிரணி அதே பழைய எதிரணிதான். ஆனால் யாருக்கும் சொந்த மண் இல்லை. எந்தக் கோல் பக்கம் பள்ளம், எந்த ஓரத்தில் பந்து சாயும் என்கிற ஊர் ரகசியங்களுக்கு அங்கே வேலை இல்லை. தோற்றால் பழிபோட எதிரி ஊரின் மண்ணும் இல்லை. அவரவர் ஊரிலிருந்து பஸ் ஏறிப் பொதுவான தரைக்கு வந்திருந்தோம். கூட்டம்? அவர்கள் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் ஒன்பது பேர். கேலரியோ ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டியது. கம்பி வேலிக்கு அப்பால் வெகு தூரத்தில் ஆட்டம். ஒருத்தி "பால்கோவா" என்று தொடங்கிப் பார்த்தாள். காலி இருக்கைகளில் பட்டு அவள் குரலே அவளுக்குத் திரும்பி வந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாள். பழைய மைதானத்தில் வேலைக்கார ஆயா முதல் முதல்வர் வரை கூடியிருந்த இடம் அந்த அரங்கில் இல்லை. அங்கே போவதற்கு ஒரு நாள் விடுப்பும் பஸ் காசும் வீட்டின் அனுமதியும் தேவைப்பட்டன. ஆட்டக்காரிக்கே அவை சிரமப்பட்டுக் கிடைக்கும்போது பார்வையாளிக்கு எங்கே கிடைக்கும்?

யாருக்குக் கட்டிய கேலரி

எங்களுக்குப் பக்கத்தில் ஹாக்கி என்றால் கோவில்பட்டி. கரிசல் வெடித்துக் கிடக்கிற அந்த ஊரில் தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த பையன்கள் உண்டு. அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் செயற்கைத் தரை அரங்கும் விளையாட்டு விடுதியும் வந்தன. அந்த விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். எளிய வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போனதில் எல்லோருக்கும் பெருமைதான். அதே ஊரில் தீப்பெட்டி ஒட்டும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். ஹாக்கி ஊர் என்று பெயர் எடுத்த ஓர் ஊரில் மட்டை பிடித்த கைகள் பெரும்பாலும் ஆண்களுடையவை என்பதையும் கூடவே பார்க்க வேண்டியிருக்கிறது.

கண் கூசும் அரங்கங்கள் வரிசையாக வருகின்றன. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் 1996இலும் 2005இலும் ஆண்கள் சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. 2023 ஆகஸ்டில் புதிய நீலத் தரை போட்டு ஆண்கள் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை 24 அணிகளோடு சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்காக மதுரை ரேஸ்கோர்ஸில் புதிய அரங்கம் எழுந்தது. அதே டிசம்பரில் பெண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சிலி நாட்டுச் சாந்தியாகோவில் நடந்தது. பெண்கள் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்கு 2023இல் ராஞ்சியும் 2024இல் பீகாரின் ராஜ்கிரும் இடம் கொடுத்தன. ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது ஆண்கள் பிரிவில் தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அணி இருந்தது. 2025 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த முதல் பெண்கள் லீக்கில் நான்கு அணிகள் ஆடின. அதில் தமிழ்நாட்டுப் பெயர் இல்லை.

நம் அரங்கங்களில் பெண்கள் ஆடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆடுகிறார்கள். ஆனால் விளக்குகள் எல்லாம் எரிந்து, ஒலிபெருக்கி முழங்கி, கேலரி நிரம்புகிற இரவுகள் பெரும்பாலும் யாருக்குக் கிடைத்தன என்பதை இந்தப் பட்டியல் சொல்கிறது. அரங்கம் பொதுப்பணத்தில் எழுகிறது. ஆட்டத்துக்கு முன் தரையை நனைக்க ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் பாய்கிறது, புதுவகைத் தரைகளுக்கு அதைவிடக் குறைவாகப் போதும் என்கிறார்கள். குடம் தூக்கியே வளர்ந்த மாவட்டத்துப் பெண்ணுக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது ஒரு கணக்குக் கேட்கத் தோன்றும். அந்தத் தரையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பெண்களுக்கு? அதில் பள்ளி முடிந்து வரும் மாலை நேரம் எவ்வளவு, யாரும் வர முடியாத மதிய வெயில் எவ்வளவு?

பார்க்கிறவர்களின் சத்தம் அரங்கத்தோடு நிற்பதும் இல்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். ஒலிம்பிக் ஹாக்கியில் மூன்று கோல் தொடர் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அதுவும் நடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பட்டாசு செய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன். சாலையோர மைதானத்தில் யார் கறுப்பு, யார் குண்டு என்று கேட்ட சத்தம்தான் அது. எவ்வளவு உயர்ந்த தரையில் ஆடினாலும் அந்தச் சத்தம் வீடு தேடி வருகிறது. அதை அடக்குகிற இன்னொரு சத்தம் கேலரிகளில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆறு மணிக் கதவு

மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தபோது, டிசம்பர் 2ஆம் தேதி இந்தியா சுவிட்சர்லாந்தோடு ஆடிய ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று மாணவிகள் கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பயணம். ஆட்டமோ இரவு ஆட்டம். நான் பணிபுரியும் கல்லூரியின் விடுதிக் கதவு மாலை ஆறு மணிக்கு மூடும். அனுமதி கேட்டு எழுதினேன். "நீங்க கூட்டிட்டுப் போறீங்க சரி, ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என்று கேட்கப்பட்டது. வீட்டிலிருந்து வரும் மாணவிகளுக்கும் இதே கேள்விதான், கேட்டவர்கள் மட்டும் வேறு. அதே இரவில் பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் மதுரைக்குப் போய், இந்தியா 5–0 என்று ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நவீன அரங்கத்தின் அழகே அதன் விளக்குகள்தான். பகல் வெயிலிலிருந்து ஆட்டத்தை அது விடுவித்தது. ஆனால் ஆட்டம் இரவுக்குப் போனபோது ஆறு மணிக் கதவுகள் அப்படியே இருந்தன. எங்கள் செம்மண் மைதான ஆட்டம் நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடியும். இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டில் இருப்போம். பெண்களைக் கட்டிய நேரத்துக்குள்தான் அந்த ஆட்டம் இருந்தது என்பது உண்மை. அதனாலேயே பெண்கள் அதில் நிறைந்திருந்தார்கள் என்பதும் உண்மை.

கடைசியில் ஒரு பகல் ஆட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பதினான்கு மாணவிகளோடு போனேன். ஆடியது எங்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு நாடுகள். நீலத் தரை, பெரிய திரை, ஒவ்வொரு கால் ஆட்டம் முடிந்ததும் அலறுகிற பாட்டு. நாங்கள் கும்மி அடித்த இடைவேளையை இப்போது ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றிப் பெரும்பாலும் ஆண்கள். மாணவிகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஒட்டி உட்கார்ந்தார்கள், நானும் அப்படியே உட்கார்ந்தேன். மூன்றாவது கால் ஆட்டத்தில் ஒரு கோல் கீப்பர் முழு நீளத்துக்குச் சரிந்து காலால் ஒரு பந்தைத் தடுத்தான். எங்கள் அணியின் கோல் கீப்பர் பெண் எழுந்து நின்று கத்தினாள். என்ன சொன்னாள் என்றுகூடப் புரியவில்லை. முன் வரிசைக்காரர் ஒருவர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் உட்காரப் போனாள். அதற்குள், என்ன நினைத்தேனோ, நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தேன். சமையல்காரக் கிழவி சொல்லிக்கொடுத்த விசில். கால் நூற்றாண்டாக அடிக்காமலிருந்தும் வந்தது. முன்வரிசைக்காரர் என் நரைமுடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு பதினான்கு பேரும் கத்தினார்கள், எந்த நாட்டுக்கு என்று பார்க்காமல்.

திரும்பும் பஸ்ஸில் கோல் கீப்பர் பெண்ணுக்குக் குரல் கட்டியிருந்தது. "வீட்டுல கேட்டா என்ன மேடம் சொல்ல?" என்றாள். கத்தினேன் என்றே சொல் என்றேன்.

எங்கள் பழைய மைதானத்தில் பாதி இப்போது வாகன நிறுத்தம். மீதியில் இன்றும் காலையில் கல் பொறுக்குகிறார்கள். அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டர்ஃப் வேண்டும், விளக்கும் வேண்டும். அவற்றோடு சேர்த்துப் பெண்களுக்கென்று ஒதுக்கிய மாலை நேரம் வேண்டும், ஆட்டம் முடிந்த பிறகு ஊர் வரை போகிற பஸ் வேண்டும், விடுதிக் கதவின் நேரம் மாற வேண்டும். வெம்ப்ளிக்குச் சிறுமிகள் பேருந்துகளில்தான் போனார்கள். யாரோ ஒருவர் அந்தப் பேருந்துக்குப் பேர் எழுதிப் பணம் சேர்த்திருப்பார்.

அடுத்த மண்டலப் போட்டி டர்ஃபில்தான் நடக்கும் என்கிறார்கள். எதிரணிக் கல்லூரியில் பணிபுரியும் ஒரு தோழியோடு பேசியிருக்கிறேன். இரண்டு கல்லூரிக்கும் பொதுவாக இரண்டு பஸ் பிடிப்பது என்று முடிவு. பேர் எழுதும் நோட்டு என் மேசையில் இருக்கிறது. இதுவரை 31 பேர்.